சிப்பிப்பாறை நாய்க்குச் சேணக்காரர் தைத்த பாடி பெல்ட்: சிறுமலை முகட்டில் ஒரு மழைக்காலப் பரிசோதனை

வாடிப்பட்டிக்கும் பாலமேட்டுக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில், சிறுமலையின் சுமைக் குதிரைகளுக்குச் சேணமும் ஜல்லிக்கட்டுக் காளைகளுக்குக் கழுத்துப்பட்டையும் தைத்துக் கொடுக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு, மலையில் நடப்பதற்கென்றே, அளவு கொடுத்து ஒரு பாடி பெல்ட், அதாவது உடம்பைச் சுற்றிக் கட்டும் வார், தைத்து வாங்கினேன். புரட்டாசிக் கடைசியில் கைக்கு வந்த அந்தப் பெல்ட்டை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சிறுமலையின் தெற்கு முகட்டில், மழையிலும் மூடுபனியிலும் ஈரப் பாறையிலும் உண்ணிச்செடிப் புதரிலும் போட்டுப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நாட்டு நாயுடன் மேடு பள்ளமான மலைத்தடத்தில் நடக்க விரும்புபவர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். தெருவில் காலையும் மாலையும் நடத்திச் செல்ல மட்டும் பெல்ட் தேடுபவர்களுக்கு இது தேவைக்கு மிஞ்சிய பொருள். குறைகளும் உண்டு, அவற்றுள் ஒன்று சாதாரணமானதல்ல.

முதலில் நாயின் உடல்வாகைச் சொல்லியாக வேண்டும். எங்கள் செவலை நான்கு வயதுப் பெண் நாய். எடை 18 கிலோ. சிப்பிப்பாறைக்கே உரிய ஆழமான நெஞ்சும், விலா முடியும் இடத்தில் உள்வாங்கி ஒடுங்கிய வயிறும், நீண்ட கழுத்தும், அந்தக் கழுத்தைவிடப் பெரியது என்று சொல்ல முடியாத சிறிய தலையும் கொண்டவள். நாடாவை வைத்து அளந்தால் நெஞ்சுச் சுற்று 26 அங்குலம். வயிறு ஒடுங்கிய இடத்தில் 17 அங்குலம். கழுத்து 14 அங்குலம். காதுக்கு முன்னால் தலைச் சுற்றும் ஏறக்குறைய அதே 14 அங்குலம். கடைகளில் தொங்கும் பாடி பெல்ட்டுகள் பெரும்பாலும் லாப்ரடார், பக் போன்ற உருண்டு திரண்ட உடம்புள்ள நாய்களை மனத்தில் வைத்துத் தைக்கப்பட்டவை. நெஞ்சுக்குப் பொருந்தும் அளவை எடுத்தால் கழுத்துப் பக்கம் தொளதொளக்கிறது. கழுத்துக்குப் பொருந்துவதை எடுத்தால் நெஞ்சில் ஏறுவதே இல்லை. இராஜபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டில் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. அத்தனை பெருமைக்குரிய தென்பாண்டி நாட்டு வேட்டை நாய்களின் உடம்புக்கு ஏற்ற பெல்ட் ஒன்றை மதுரைக் கடைகளில் இன்றுவரை நான் கண்டதில்லை என்பது உள்ளபடியே வருத்தம் தருகிறது.

அளவு பொருந்தாத பெல்ட் சமதளத்தில் வெறும் தொந்தரவு. மலையில் அது ஆபத்து. ஒல்லி நாய் ஒன்று பெல்ட்டை எப்படிக் கழற்றுகிறது என்பதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். முன்னால் ஏதோ ஒன்றைக் கண்டு மிரண்டதும் நாய் நகராமல் நிற்கும். நாம் கயிற்றை இழுப்போம். அது தலையைத் தாழ்த்தி, முன்னங்கால்களை நீட்டி, பின்பக்கமாக ஒரே உந்தில் பின்வாங்கும். கழுத்து வளையம் காதுகளை மடித்துக்கொண்டு வழுக்கி வெளியே வரும். நெஞ்சு வார் தோள்பட்டையைத் தாண்டி முழங்கை வழியே சரியும். கண் இமைக்கும் நேரத்தில் நம் கையில் வெறும் பெல்ட் மட்டும் மிஞ்சும். இணையத்தில் வாங்கிய, இரண்டே வார்கள் உள்ள ஒரு பெல்ட்டிலிருந்து செவலை இப்படித்தான் கழன்று ஓடினாள். அது ஊருக்குள் நடந்ததால் அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். இரு பக்கமும் சரிவும், புதருக்கு அப்பால் காட்டுமாடும் உள்ள இடத்தில் அப்படி நடந்தால் அந்த நாய் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கழுத்துப்பட்டை மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கும் இதே முகட்டை வைத்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கால் வழுக்கிய நாயின் முழு எடையும் கழுத்துப்பட்டையில் தொங்கினால் மூச்சுக்குழாய் நசுங்கும். மெல்லிய கழுத்துள்ள வேட்டை நாய் இனங்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். பாடி பெல்ட் அதே எடையை மார்பெலும்பிலும் விலாக்களிலும் பரப்பிவிடுகிறது. பட்டையை அடையாள வில்லைக்காக மட்டும் போட்டுவிட்டுப் பிடிகயிற்றைப் பெல்ட்டில் மாட்டுவதே மலைக்கு ஏற்றது.

சிறுமலை, மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே மற்ற மலைகளோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் மலைத்தொகுதி. திண்டுக்கல் பக்கமிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் காப்பியும் மிளகும் பலாவும் எலுமிச்சையும் சவ்சவ்வும் சிறுமலை வாழையுமாகத் தோட்டங்கள் விரிகின்றன. தெற்கு விளிம்புக்குப் போனால் நிலம் சட்டென்று முடிந்து, கீழே வாடிப்பட்டி, அலங்காநல்லூர் வயல்கள் தெரிகின்றன. நான் நடப்பது அந்த விளிம்பை ஒட்டிய, தெரிந்த குடும்பம் ஒன்றின் பட்டா நிலத்தில், அவர்களுடைய சம்மதத்தோடு மட்டுமே. தோட்டத்து எல்லைக்கு அப்பால் இருப்பது காப்புக்காடு. அனுமதியின்றி அதற்குள் நுழைவது குற்றம். நாயுடன் நுழைவது கண்டிப்பாக அறவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு அனுமதி விஷயத்தில் வனத்துறை மிகவும் கண்டிப்பாக இருக்கிறது. அந்தக் கண்டிப்பு நியாயமானதே என்பது என் கருத்து. வெறிநோய், டிஸ்டம்பர் போன்ற நோய்கள் வளர்ப்பு நாய்களிடமிருந்து காட்டு விலங்குகளுக்குப் பரவக்கூடியவை. தடுப்பூசி போடாத நாயைத் தோட்டத்து எல்லை வரைகூட அழைத்துச் செல்வது தவறு என்றே சொல்வேன்.

இந்தத் தடத்தில் நடப்பதற்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் மிகச் சிறந்த மாதங்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு வெயிலின் உக்கிரம் தணிகிறது. பாறை கால் சுடாத அளவுக்குக் குளிர்ந்திருக்கிறது. கீழே கண்மாய்கள் நிறைந்து வெயிலில் மின்னுகின்றன; வேலியோரம் செங்காந்தள் பூத்திருக்கிறது. ஆனால் நாயின் கண்ணால் பார்த்தால் இதே மாதங்களில்தான் சிக்கல்களும் அதிகம். பாசி பிடித்த பாறை வழுக்குகிறது. முழங்கால் உயரப் புல்லுக்குள் பள்ளம் தெரிவதில்லை. மூடுபனி இறங்கினால் பத்தடி தூரத்தில் நிற்கும் நாய் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. செங்காந்தள் கிழங்கு கொடிய நஞ்சு. மண்ணைத் தோண்டும் பழக்கமுள்ள நாயை அந்த வேலியோரத்தில் கையளவு கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும். எனவே பெல்ட் என்பது இங்கே வெறும் அணிகலன் அல்ல. பிடிப்பு, தூக்குக் கைப்பிடி, அடையாளம் ஆகிய மூன்றையும் ஒரே பொருள் தர வேண்டும்.

இப்படி ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் வேலை செய்பவர்கள்தான் இந்தச் சேணக்காரரிடம் போகச் சொன்னார்கள். சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து எலுமிச்சை மூட்டைகளையும் வாழைத்தார்களையும் சுமந்து வரும் சிறுமலைக் குதிரைகளின் சேணங்கள் பல அவர் கைப்பட்டவை. நாயைக் கண்டதும் அவர் அளவு நாடாவை எடுக்கவில்லை. செவலையைத் திண்ணை மேல் நிறுத்தி, இரண்டு கைகளாலும் தோள்பட்டையிலிருந்து வயிறு வரை தடவிப் பார்த்தார். பிறகு என்னை அவளை நடத்திக் காட்டச் சொல்லி, முன்னங்கால் முன்னே போகும்போது தோள் எலும்பு எங்கே நகர்கிறது என்று குனிந்து கவனித்தார். வாங்கிய பழைய பெல்ட்டைக் காட்டினேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: “தம்பி, குதிரைக்கு நெஞ்சு வார மட்டும் கட்டிட்டு எறக்கத்துல விட்டா, சேணம் கழுத்துக்கு வந்து உக்காந்துக்கிரும். பின்னால ஒரு பிடி இருக்கணும். நாய்க்கும் அதே கதைதான். இதுல பின்பிடியே இல்லையே.”

அந்த ஒரு சொல்லில் இந்தப் பெல்ட்டின் முழு அமைப்பும் அடங்கிவிட்டது. குதிரைச் சேணத்தில் சரிவின்போது பாரம் முன்னே நழுவாமல் இருப்பதற்காக வாலடியில் ஒரு வார் போகிறது. நாய்க்கு வாலடியில் வார் போட முடியாது என்பதால் அவர் அதை வயிற்றுப் பக்கம் கொண்டுவந்தார். ஆக, இந்தப் பெல்ட்டில் மூன்று சுற்றுகள். முதல் சுற்று கழுத்தடியிலிருந்து இரண்டாகப் பிரிந்து வந்து மார்பெலும்பின் மேல் ஒன்றாகிக் கால்களுக்கு நடுவே பின்னால் போகிறது. தோள்பட்டைக்குக் குறுக்கே எந்த நாடாவும் ஓடுவதில்லை. இரண்டாவது, முழங்கையிலிருந்து நான்கு விரற்கடை பின்னால் நெஞ்சைச் சுற்றுகிறது. மூன்றாவதுதான் முக்கியமானது. அது கடைசி இரண்டு விலா எலும்புகளின் மேல் படிந்து, 19 அங்குலச் சுற்றளவில் இறுகுகிறது. நாய் பின்வாங்கும்போது 19 அங்குல வளையம் 26 அங்குல நெஞ்சைத் தாண்டி முன்னே வர வழியே இல்லை. செவலை தோட்டத்து வாசலில் ஒரு குதிரையைக் கண்டு மிரண்டு, தன் பழைய வித்தையை முழு பலத்தோடு செய்து பார்த்தாள். முதல் இரண்டு வார்களும் ஓரங்குலம் முன்னே நகர்ந்தன. மூன்றாவது வார் விலாவில் பிடித்து நின்றது. அவளும் நின்றுவிட்டாள்.

தோள்பட்டையைத் திறந்து விட்டதன் பலன் ஏற்றத்தில் தெரிகிறது. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரே பட்டையாக ஓடும் பெல்ட்டுகளில் நாய் கால் நீட்டி ஏறும்போது அந்தப் பட்டை மேற்கையை அழுத்தும், அடி குறுகும். செவலை பழைய பெல்ட்டுடன் பாறைப் படிகளில் தயங்கித் தயங்கி இரண்டு தாவலில் ஏறிய இடத்தை இதைப் போட்டுக்கொண்டு ஒரே தாவலில் ஏறுகிறாள்.

இனிக் கைப்பிடி. முதுகின் மேல், இரண்டாம் மூன்றாம் சுற்றுகளை இணைக்கும் நடு நாடாவில், எருமைத் தோலில் நான்கு விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிடி தைத்திருக்கிறார். கடைகளில் கிடைக்கும் பல பெல்ட்டுகளிலும் கைப்பிடி உண்டு. ஆனால் அது நெஞ்சு வாரோடு மட்டும் சேர்ந்திருக்கும். தூக்கினால் நாயின் பின்பகுதி தொங்கி, முழு எடையும் அக்குளில் விழும். இங்கே முன் வாரும் பின் வாரும் எடையைப் பகிர்ந்துகொள்வதால் நாய் மட்டமாக எழும்புகிறது. முகட்டின் நடுவில் இடுப்பளவு உயரப் பாறை ஒன்று உண்டு. மழை நாளில் அது பாசியால் வழவழப்பாக இருக்கும். அந்த இடத்தில் செவலை முன்னங்கால்களை மேலே வைத்ததும் நான் கைப்பிடியைப் பற்றி மேல்நோக்கி ஒரு தாங்கு கொடுக்கிறேன். மீதியை அவளே பார்த்துக்கொள்கிறாள். இறங்கும்போது இது இன்னும் உதவுகிறது, ஏனென்றால் நாய்க்கு ஏற்றத்தைவிட இறக்கமே கடினம்: எடை முழுவதும் முன்னங்கால்களுக்கு வந்துவிடுகிறது. பிடியை மெல்லப் பின்னே பிடித்துக்கொண்டால் அவள் அவசரப்படாமல் கால் வைக்கிறாள். ஆனால் இதைப் பையைப் போல நாயைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கான பிடியாக யாரும் கருதிவிடக் கூடாது. சில நொடிகள் தாங்குவதற்கே அது. அதற்கு மேல் தொங்கவிட்டால் பின் வார் வயிற்றை அழுத்தும்.

கைப்பிடி உயரமாக நிற்காமல் முதுகோடு படிந்து கிடப்பதையும் நல்ல யோசனை என்பேன். சிறுமலையில் உண்ணிச்செடி இல்லாத இடம் குறைவு. அதன் வளைந்த முட்கள் எதையும் விடுவதில்லை. தூக்கி நிற்கும் வளையமாக இருந்தால் நாய் புதருக்கடியில் நுழைந்ததும் கிளையில் மாட்டிக்கொள்ளும்.

தையலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெல்ட் தோற்பது எப்போதும் தையலில்தான். நாடா ஒன்றரை அங்குல அகல நைலான். நாடாவும் நாடாவும் சேரும் ஒவ்வோர் இடத்திலும் சதுரக் கட்டம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறியாக நைலான் நூலை ஓட்டியிருக்கிறார். டி வளையங்கள் இரண்டு: முதுகில் ஒன்று, மார்பில் ஒன்று. இரண்டும் வாய் ஒட்டவைத்த எஃகு. வளைத்து விட்டு இடைவெளி தெரியும் மலிவுக் கம்பி அல்ல. இழுக்கும் நாய்க்கு மார்பு வளையத்தில் கயிறு மாட்டினால் அதன் வேகம் பக்கவாட்டில் திரும்பி அடங்கும். முகட்டில் நான் எப்போதும் முதுகு வளையத்தையே பயன்படுத்துகிறேன். மார்பில் மாட்டிய கயிறு முன்னங்காலில் சுற்றிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. கொக்கிகள் பிளாஸ்டிக் அல்ல, குதிரைச் சேணத்துக்குப் போடும் பித்தளைக் கொக்கிகள். மாட்டவும் கழற்றவும் நேரம் பிடிக்கிறது. ஈரக்கையோடு இன்னும் கூடுதலாகப் பிடிக்கிறது. அந்த நேரத்தை நான் மனமுவந்து கொடுக்கிறேன், ஏனென்றால் மண் புகுந்து பல் உடையும் பிளாஸ்டிக் கொக்கியை நம்பி ஓர் உயிரை விளிம்பில் நடத்துவதைவிட இது மேல்.

நான் கேட்காமலேயே அவர் கழுத்தடியில் சிறிய வெண்கல மணி ஒன்றையும் கோத்துவிட்டார். “மணி இல்லாம எந்த உருப்படியையும் மேல ஏத்தக்கூடாது” என்பது அவர் வாதம். மூடுபனி இறங்கிய ஒரு காலையில், பிடிகயிறு கையில் இருந்தும் நாய் கண்ணுக்குத் தெரியாத நிலையில், அவள் நிற்கிறாளா நடக்கிறாளா முகர்கிறாளா என்பதை அந்த மணி ஓசையைக் கொண்டே அறிந்தேன். காட்டுமாடு போன்ற பெரிய விலங்குகள் திடுக்கிடாமல் முன்கூட்டியே விலகிச் செல்வதற்கும் அது உதவும். வீட்டுக்குள் அந்த ஓசை தேவையில்லை என்பவர்களுக்காக அது கழற்றும்படியே கோக்கப்பட்டிருக்கிறது.

இனிக் குறைகள். பெரிய குறை ஈரம். மார்பிலும் வயிற்றிலும் தோல் உராயாமல் இருக்க, சேணத்தடியில் வைக்கும் அதே கம்பளியை உள்ளே வைத்துக் கித்தான் துணியால் மூடித் தைத்திருக்கிறார். காய்ந்த நாளில் அது மிக மென்மையாக இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் அது நீரைக் குடித்துக்கொண்டு, 480 கிராம் பெல்ட் கையில் எடுத்தாலே வேறுபாடு தெரியும்படி கனக்கிறது. வெயில் இல்லாத நாட்களில் மின்விசிறிக்கு அடியில் போட்டும் மறுநாள் மாலைக்குத்தான் காய்கிறது. அரைகுறையாகக் காய்ந்ததை மறுபடி போட்டால் ரோமம் குறைந்த அக்குளிலும் வயிற்றிலும் புண் வரும். சிப்பிப்பாறைக்கு உடம்பில் கொழுப்பும் ரோமமும் குறைவு. வெயிலைத் தாங்கும் இந்த நாய் மலை உச்சியின் ஈரக் காற்றைத் தாங்காது. நனைந்த கம்பளியை நெஞ்சில் கட்டிக்கொண்டு அவள் நடுங்கியதைப் பார்த்த பிறகு, மழை வலுத்தால் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். கம்பளிக்குப் பதிலாக நீர் குடிக்காத, துளைகள் மூடிய ஃபோம் அட்டையை வைத்துத் தைக்கச் சொல்லலாம். யோகா விரிப்பு செய்யும் பொருள்தான் அது. மதுரையில் எளிதாகக் கிடைக்கிறது. புதிதாகத் தைப்பவர்கள் முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் பெல்ட்டையும் அப்படி மாற்றித் தரக் கேட்டிருக்கிறேன்.

ஈரம் இல்லாத நாளிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழை விட்டு வெயில் அடிக்கும் ஐப்பசி நண்பகல் பார்ப்பதற்கு இதமாக இருந்தாலும் நாய்க்கு இதமானது அல்ல. நாய் தன் சூட்டைத் தணித்துக்கொள்வது பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சிரைப்பதன் மூலமே. காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த வழி மந்தமாகிறது. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சையும் வயிற்றையும் மூடும் எந்தப் பெல்ட்டும் இதை ஓரளவு மோசமாக்கவே செய்யும். இதுவும் அதற்கு விலக்கல்ல. விடியலில் கிளம்பி வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவதும், நிழலில் நிற்கும்போது நடு வாரைத் தளர்த்தி வயிற்றில் தண்ணீர் தடவிவிடுவதும் நான் கைக்கொண்ட வழிகள்.

தோல் கைப்பிடிக்குப் பராமரிப்பு தேவை. நனைந்து காய்ந்தால் அது விறைத்துப்போகும் என்பதால் விளக்கெண்ணெய் தடவச் சொன்னார். தடவினால் நன்றாகவே இளகுகிறது. ஆனால் நாய் அதை நக்கினால் வயிற்றுப்போக்கு வரும். எனவே இரவில் தடவி, காலையில் துணியால் அழுந்தத் துடைத்துவிட்ட பிறகே மாட்ட வேண்டும். நிறமும் எனக்குத் திருப்தி இல்லை. அவரிடம் இருந்தது காக்கியும் கருப்பும் மட்டுமே. செவலை நிற நாய்க்குக் காக்கிப் பெல்ட் போட்டால் காய்ந்த புல்லில் இரண்டுமே தெரியாது. சைக்கிள் கடையில் விற்கும் ஒளிரும் பட்டையை நானே வாங்கிக் கொடுத்து இரு பக்கமும் வைத்துத் தைத்துக்கொண்டேன்.

பெல்ட்டின் தரம் எதுவாயினும் இறங்கி வந்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மழைக்குப் பிறகு உண்ணிகள் பெருகும். அவை வார் அழுத்தும் வெதுவெதுப்பான இடங்களைத் தேடி ஒளிந்துகொள்ளும். ஊசிப்புல் முற்றும் காலமும் இதுவே. அதன் முறுக்கிய கூர்நுனி ரோமத்தில் பிடித்துக்கொண்டு, நகர நகரத் தோலுக்குள்ளும் காதுக்குள்ளும் விரலிடுக்குக்குள்ளும் ஏறிவிடும். பின்னால் இழுத்தால் வராது. கித்தான் துணியின் ஓரத்தில் இந்த ஊசிகள் வரிசையாகக் குத்தி நின்றதைக் கண்டிருக்கிறேன். பெல்ட்டைக் கழற்றி உதறி, உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்து, அதன் பிறகு நாயின் அக்குள், காது, பாதம் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். நெருஞ்சி முள்ளையும் இதே தேடலில் எடுத்துவிடலாம். இந்த விஷயத்தில் அகலமான வார்களுக்கு ஒரு நன்மை உண்டு: ஊசிகள் நெஞ்சின் மெல்லிய தோலை அடையாமல் துணியிலேயே நின்றுவிடுகின்றன.

விலை 1,600 ரூபாய். கடைகளில் சாதாரண பாடி பெல்ட் இதில் கால் பங்குக்கும் கிடைக்கிறது என்பதால் முதலில் அதிகமாகத் தோன்றலாம். கைத்தையலுக்கும் பித்தளைக் கொக்கிக்கும் மூன்று முறை நாயை நிறுத்தி அளவு பார்த்ததற்கும் அது மிகவும் நியாயமான விலை. மேலும், நாடா பிய்ந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிக் கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார். கடைப் பெல்ட்டில் ஒரு கொக்கி உடைந்தால் முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதுதான். அவர் அதிகம் பேசுவதில்லை. ஆனால் வேலையைக் குறித்துக் கேட்டால் ஒவ்வொரு தையலுக்கும் காரணம் சொல்கிறார். அப்படிக் காரணம் சொல்லக்கூடிய கைவினைஞர்கள் நம் வட்டாரத்தில் குறைந்து வருவதால், அவரிடம் வேலை கொடுப்பதை நான் ஒரு கடமையாகவும் கருதுகிறேன்.

வாங்க நினைப்பவர்கள் அளவை மட்டும் எழுதிக்கொண்டு போனால் அவர் ஏற்கமாட்டார். நாயை நேரில் கொண்டுவர வேண்டும். அந்நியர் தொட்டால் சீறும் நாய்க்கு வாய்க்கூடு மாட்டி அழைத்துச் செல்வது அவருக்குச் செய்யும் மரியாதை. ஒரு வயது நிரம்பாத குட்டிகளுக்குத் தைக்க வேண்டாம் என்று அவரே திருப்பி அனுப்புகிறார், ஏனென்றால் இரண்டு மாதத்தில் நெஞ்சு விரிந்து வார் பற்றாமல் போகும். லாப்ரடார் போன்ற உருண்டை உடம்பு நாய்களுக்கு மூன்றாவது வார் பெரும்பாலும் அவசியமே இல்லை. அவற்றை வளர்ப்பவர்கள் நல்ல கடைப் பெல்ட் ஒன்றோடு திருப்தி அடையலாம். சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் இன நாய்களை வைத்திருப்பவர்கள் ஆவணி பிறந்ததும் போய்ச் சொல்லிவைப்பது நல்லது. தைத்து முடிக்க மூன்று வாரம் ஆகிறது. மார்கழி நெருங்கிவிட்டால் பாலமேடு, அலங்காநல்லூர் காளைகளுக்கான கழுத்துப்பட்டையும் சலங்கைப் பட்டையும் அவர் திண்ணையை நிறைத்துவிடும். தை முடியும்வரை நாய் வேலையை அவர் கையில் எடுப்பதில்லை.